லைன் நின்ற இரண்டு மணி நேரம்

இன்னும் கொஞ்ச நேரம் போனால் கை மடங்காது என்று ஷோபா அவசரப்படுத்தினாள். ஞானசௌந்தரி கணவனின் வலது கையைப் பிடித்து மெதுவாகச் சட்டைக்குள் நுழைத்தாள். நீலச் சட்டை. தோள்பட்டையில் மாம்பழக் கூழ் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

“டிரங்குப் பொட்டியில கோட்டு இருக்குதே அண்ணி. எங்கண்ணன வாட்ச்மேன் சட்டையோடயா அனுப்புவ?”

“செக்யூரிட்டி சூப்பர்வைசர்,” என்றாள் ஞானசௌந்தரி. கடைசிப் பட்டனைப் போட்டுக் காலரை நேராக்கினாள்.

காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர்தான் தியோடர். காபி குடித்தார். ஒரு ஷூவைப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அறுபத்தோரு வயது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கும் அந்தக் கம்பெனியின் கேட்டில் பதினாலு வருஷம் நின்றவர்.

ஷோபா குரலைத் தாழ்த்தினாள். “ஆண்ட்ரூவுக்குச் சொன்னியா?”

“சொன்னேன். குப்பம் டவுன்ல இருந்து வந்துக்கினு இருக்கான்.”

“அந்தப் பொண்ணுக்கு?”

ஞானசௌந்தரி சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். மருமகள் லீனாவுக்குத்தான் முதலில் சொல்லியிருந்தாள்.

ஆண்ட்ரூ அவளுடைய ஒரே மகன். சர்ச்சில் கீபோர்டு வாசித்தவன். குடி கிடையாது, வெளியில் யாரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது. லீனாவைக் கட்டிக்கொண்டு மாடியில் குடியிருந்தான். மேலே ஏதாவது விழும் சத்தம் கேட்டால் ஞானசௌந்தரி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். மறுநாள் லீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தால், “புருஷன் கோவத்துல கை நீட்டினா பொறுத்துக்கினு போவணும்மா” என்று சொன்னதும் அவள்தான். ஷிப்டு முடித்து வந்து அசந்து தூங்கும் தியோடருக்கு எதுவும் தெரியாது.

அதே கம்பெனியில், ஓடும் பெல்ட்டில் வரும் பழங்களைப் பொறுக்கும் லைனில் லீனாவுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், வீங்கிய கண்ணோடு அவள் வேலைக்குப் போனாள். ஆட்கள் விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி சபீனா அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். என்ன செய்ய வேண்டும் என்பதை லீனாவே சொல்லட்டும், அதுவரை கம்பெனி அவள் பக்கம் நிற்கும் என்றாள். சொன்னபடி நின்றார்கள். பத்து நாள் சம்பளத்தோடு லீவு, திருப்பதியில் பெண்கள் விடுதியில் ஓர் அறை, திரும்பி வந்ததும் வேறு ஷிப்டு, வேறு வேன். கேட்டுக்கு ஒரு போட்டோவும் வந்தது. இந்த ஆளை உள்ளே விடக்கூடாது. தியோடர் தன் மகனின் போட்டோவைக் கையில் வாங்கியது அப்படித்தான்.

ஆண்ட்ரூ வந்தான். லீனா வேலைக்குத் திரும்பிய வாரம் அது; சீசன் நேரம், தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கம்பெனி கேட்டிலிருந்து சாலை வரை நின்றிருந்தன.

“நைனா, தொற. வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன், அவ்ளோதான்.”

“அவ கூப்பிட்டா தொறக்கறேன். கூப்பிடல.”

ஆண்ட்ரூ ஒரு டிராக்டரிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக் கேட்டை அடித்தான். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த தியோடரின் இரண்டு விரல்கள் உடைந்தன. அவர் கையை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, தெலுங்கில் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

“ஒரு கம்பெனிக்காவ பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்த வாட்ச்மேன் நீ,” என்று ஞானசௌந்தரி கத்தினாள்.

“கம்பெனிக்காவ இல்ல சௌந்தரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு இடது கையால் தட்டைக் கழுவப் போனார்.

நாலு மாதம் அவள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், காலியாகக் கிடந்த மாடியைக் கூட்டப் போனாள். பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. ஸ்க்ரூக்கள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. வெளியிலிருந்து யாரோ உதைத்திருக்க வேண்டும், உள்ளே யாரோ இருந்திருக்க வேண்டும். விளக்குமாற்றைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள்.

தியோடர் இறந்த அன்று இரண்டு மணிக்குச் சவப்பெட்டி வீட்டு வாசலில் இருந்தபோது கம்பெனி வேன்கள் இரண்டு வந்து நின்றன. நீல ஏப்ரனும் தலையில் துணித் தொப்பியுமாக நாற்பது பெண்கள் இறங்கினார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், மாம்பழ வாசனையோடு.

சபீனா ஞானசௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “லைன நிறுத்திட்டோம்மா. ரெண்டு மணி நேரம்.”

“சீசன்லயா?”

“முதலாளிதான் சொன்னாரு. டிராக்டர் எல்லாம் ரோட்டுல நின்னா நிக்கட்டும்னு.”

ஒருநாள் கூட சீசனில் லைன் நின்றதாகத் தியோடர் சொல்லி அவள் கேட்டதில்லை. ஜுரம் வந்தால்கூட மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

“உங்க புள்ள விஷயத்துல, கேட்டுல வேற ஆளப் போடறோம் சார்னு சொன்னேன்மா,” என்றாள் சபீனா. “‘வேற ஆளு என் முகத்தப் பார்த்து பாவம்னு விட்டுடுவான். நான் விட மாட்டேன்’னாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “இப்ப அந்த மாதிரி ஆறு போட்டோ இருக்குது. சுவத்துல ஒட்டலாம்னோம். வேணாம்னாரு. டிராக்டர்காரங்க பார்த்துட்டு எந்தப் பொண்ணுன்னு பேசிக்கினு இருப்பாங்கன்னு டிராயர்ல பூட்டி வச்சாரு. ஆறு முகமும் மனப்பாடம். போன வருஷம் ஒருத்தன் தாடி வளர்த்துக்கினு, மாங்கா லோடுல க்ளீனரா ஏறிக்கினு வந்தான். சார் பேரச் சொல்லிக் கூப்ட்டு எறக்கி விட்டாரு. இதையெல்லாம் பார்த்துட்டு பக்கத்து ரெண்டு கம்பெனியிலயும் இதே மாதிரி வச்சிட்டாங்க.”

“என்கிட்ட எதுவும் சொன்னதில்ல,” என்றாள் ஞானசௌந்தரி. அவள் கேட்டதும் இல்லை.

ஏப்ரனோடு வந்த லீனா, “அத்தை” என்றாள். ஞானசௌந்தரி நகர்ந்து, பெட்டியின் தலைமாட்டில் அவளுக்கு இடம் விட்டாள்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கும் நேரத்தில் ஆண்ட்ரூ வந்தான். இளைத்திருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் உதடு கோணியது. பிறகு லீனாவைப் பார்த்தான்.

“அம்மா, அவ இங்க இருந்தா நான் நைனாவத் தூக்க மாட்டேன்.”

ஷோபா ஞானசௌந்தரியின் காதருகே குனிந்தாள். “ஒரே புள்ள அண்ணி. அந்தப் பொண்ண வேன்ல உக்காரச் சொல்லு. ஒரு அரமணி நேரம்தானே.”

அது லீனாவுக்கும் கேட்டது. அவள் எழுந்திருக்கப் போனாள். ஞானசௌந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காரு.”

பிறகு மகனைப் பார்த்தாள். பிரசவத்தில் இரண்டு நாள் அவளைப் படுத்தி எடுத்துப் பிறந்தவன்.

“அழறதுன்னா உள்ள வந்து அழு. உங்க நைனா தலையைத் தொடு. உனக்கு இல்லாத உரிமையா? ஆனா அவள எழுப்பச் சொல்ல இந்த வூட்ல யாருக்கும் வாய் கெடையாது. தூக்க முடியலன்னா தூக்காத.”

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்போ பெட்டிய...”

தொப்பி போட்ட பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். லீனா எழுந்தாள்.

“பொம்பளைங்களாம்மா?” என்றார் பாஸ்டர், மெதுவாக.

“மாங்கா ரொம்பின கிரேட்டுப் பொட்டி ஒண்ணு இருபது கிலோ அய்யா. ஒரு ஷிப்டுக்கு எத்தினி தூக்கறாங்கன்னு அவங்களயே கேளுங்க,” என்றாள் ஞானசௌந்தரி.

பாஸ்டர் கேட்கவில்லை. வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு வழிவிட்டார்.

ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். பெட்டி எந்தப் பக்கமும் சாயவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் மாடிகளிலும் கடை வாசல்களிலும் நின்று பார்த்தார்கள். ஞானசௌந்தரி தலையை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் தியோடரோடு ஊர்வலம் மாதிரி எங்கும் போனதில்லை அவள். கடைசி வரிசையில், செருப்பைக் கையில் பிடித்தபடி ஆண்ட்ரூ வந்துகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டாள். மறுபடி திரும்பவில்லை.

அடக்கம் முடிந்தது. மகன் குழியின் அந்தப் பக்கத்திலிருந்து மண் போட்டான், லீனா இந்தப் பக்கத்திலிருந்து.

வேன் டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தார். நாலு மணிக்கு லைன் ஓட வேண்டும். கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒரே ஒரு குழாய். பெண்கள் அதன் முன்னால் வரிசையில் நின்று கை கழுவினார்கள். லைனுக்குப் போகும்முன் கழுவுவதுபோல, புறங்கை, விரல் இடுக்கு, முழங்கை வரை. கழுவியவர்கள் எதையும் தொட்டுவிடாமல் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருவராய் வேனில் ஏறினார்கள்.

லீனா கடைசி. அவள் முறை வந்தபோது குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. ஞானசௌந்தரி தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, அவள் கைகளில் ஊற்றினாள்.

“போதும் அத்தை.”

“நகத்துல மண்ணு இருக்குது. காட்டு.”

லீனா மறுபடி இரண்டு கைகளையும் நீட்டினாள்.