தூணுக்கு அந்தப் பக்கத்துக் கல்யாணம்

என்னிடம் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க ரேட்டு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்கள். இருபத்தெட்டாயிரம் என்பேன், ஆல்பம் தனி என்பேன். "என்னங்க இது, அநியாயமா இருக்குதே" என்று இழுத்தால், "அப்ப நியாயமான ஆளாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவேன். விருத்தாசலத்தில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகத் தொழில் பண்ணுகிற பொம்பளை நான். இந்த வாய் இல்லையென்றால் என்றைக்கோ என்னை ஏறி மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் வாயைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

எழுந்து போகாதவர்களுக்குக் கணக்கை விளக்குவேன். "இருபத்தெட்டுல இருபத்தஞ்சு தாலி கட்டுற அந்த ஒரு நிமிஷத்துக்குங்க. மிச்சமெல்லாம் சேர்ந்துதான் மூணு. மாலையை இன்னொரு தடவை மாத்தச் சொல்லலாம், மாத்துவாங்க. சாப்பிடறவங்களை இன்னொரு வாய் சாப்பிடச் சொல்லலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?" அதோடு அட்வான்ஸை எண்ணி வைப்பார்கள்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைக்காரர்களுக்குப் பொம்மையும் ஜாடியும் எடுத்துக் கொடுப்பேன். வாட்ஸ்அப்பில் போட்டு ஆர்டர் பிடிக்க அவர்களுக்குப் படம் வேண்டும். ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய். பொம்மை கண்ணை மூடாது, வேர்க்காது, சித்தப்பாவைக் கூப்பிட்டுத் தனக்கு முன்னால் நிறுத்தாது. அதனால்தான் நாற்பது.

இப்படி நான் கட்டிக் காப்பாற்றி வந்த ரேட்டுக்கு ஒரு எமன் இருந்தான். சக்கரபாணி என்று பெயர். பன்னிரண்டாயிரத்துக்குக் கல்யாணம் எடுத்து, ஆல்பமும் போட்டு, ஜோடியின் படம் பதித்த கப்பு ஒன்றை இலவசமாகவும் கொடுப்பான். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு கப்பை வெளியூரிலிருந்து வரவழைப்பான், அது வேறு. எனக்கு என்று ஏறக்குறைய முடிந்திருந்த மங்கலம்பேட்டைக் கல்யாணம் ஒன்றை அந்தக் கப்பைக் காட்டித்தான் தட்டிக்கொண்டு போனான். நாங்கள் எல்லோரும் பிரிண்ட் போடக் கொடுக்கும் லேப்பில் வைத்து, நாலு பேர் பார்க்க, அவனைப் பிடித்துக்கொண்டேன். "ரேட்டை உடைக்கிறவன் தொழிலையே உடைக்கிறவன். இதுக்குப் பதிலா நீ பஸ் ஸ்டாண்டுல துண்டை விரிச்சுக்கலாம்" என்று கத்தினேன். அவன் தன் பிரிண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பதிலுக்குக் கத்தியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம்தான் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி பழமலை என்னைத் தேடி வந்தார். வரும்போதே கையில் இருந்த போனில் அவர் மகன் அன்பரசன் வீடியோ காலில் இருந்தான். ஷார்ஜாவில் வேலை. தங்கை மோகனப்பிரியாவுக்கு ஆவணியில் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம். இவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்ற ரேட்டே இருக்கட்டும். வீடியோ கால்லாம் வேணாம், அந்நேரம் நான் டூட்டியில இருப்பேன். பாப்பாவுக்குத் தாலி கட்டறதை மட்டும் நான் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி எடுத்துக் குடுத்துடுங்க. அது ஒண்ணு போதும்க்கா."

பேரம் பேசுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். பேரமே பேசாதவனிடம்தான் பயம். "கவலைப்படாதப்பா, நீ பாக்கறதை விட நல்லாப் பாப்பேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன்.

ஆவணி முகூர்த்தத்தன்று கொளஞ்சியப்பர் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். ஒரு கல்யாணத்து மேளத்தோடு இன்னொரு கல்யாணத்து மேளம் மோதும். எந்த அத்தை எந்தப் பெண்ணுக்கு அத்தை என்று சாமிக்குத்தான் வெளிச்சம். நான் மோகனப்பிரியாவும் மாப்பிள்ளை இனியவனும் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, ஒரு தூணை ஒட்டிய மேட்டில் ஏறி இடம் பிடித்து நின்றேன். கழுத்தும் தாலியும் கையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி அருமையான இடம்.

நேரம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் மாமா ஒருவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். ஊரிலிருந்து வந்தவர்களை இப்போதே ஒரு குரூப் எடுக்க வேண்டுமாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். தாலி கட்டுவதற்கு முன்னால் பஸ் பிடிக்கிற சொந்தக்காரர்களை என்ன சொல்ல? திட்டிக்கொண்டே இறங்கி ஒன்று எடுத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. தாவி மேட்டில் ஏறினேன். எதிரே அரக்குப் பட்டு, குனிந்த தலை, முகத்தை மூடிய மாலை, நீளும் இரண்டு கைகள். விரலை எடுக்காமல் அழுத்தினேன். அப்படியொரு வெளிச்சம் எனக்கு அதற்கு முன் அமைந்ததே இல்லை. தாலிக் கயிற்றின் மஞ்சள் கூடத் தனியாகத் தெரிந்தது.

குனிந்த தலை நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தது. மோகனப்பிரியா இல்லை.

தூணுக்கு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறியிருக்கிறேன். இரண்டு பக்கமும் அரக்குப் பட்டு. திரும்பிப் பார்த்தபோது மோகனப்பிரியாவின் கழுத்தில் தாலி ஏறி, நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டு முடித்து, அட்சதை விழுந்துகொண்டிருந்தது. ஷார்ஜாவில் ஒருத்தன் இதற்காக மட்டும் காத்திருக்கிறான்.

பழமலை வேர்க்க விறுவிறுக்க வந்தார். "நல்லா வந்துச்சாம்மா? பையன் மெசேஜ் மேல மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கறான்."

"வந்துருக்குதுங்க" என்றேன்.

சொந்தக்காரர்களின் போன்களை, "எங்க, எப்படி எடுத்திருக்கீங்க பாப்போம்" என்று சிரித்தபடி வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் மேளக்காரர் முதுகு. ஒன்றில் தூக்கிய கைகள். இன்னொன்றில் எடுத்தவரின் கட்டை விரல். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு நிமிஷம் நில்லுங்க என்று சொல்லலாமா என்று கூடத் தோன்றியது. பக்கத்தில் போய் வாயையும் திறந்துவிட்டேன். அந்தப் பெண் புதுத்தாலியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பொய்க்கு நடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழமலையிடம் உண்மையைச் சொல்லி, வாங்கிய பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். பணத்தைக் கொடுக்கலாம். அந்த நிமிஷத்தை யார் கொடுப்பது?

தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று வெளியே போனேன். வாசலில் அரக்குப் பட்டுக்காரி, அதாவது தூணுக்கு அந்தப் பக்கத்துப் பெண், புருஷனோடு ஓடி வந்து மறித்தாள். "அக்கா, எங்களை எடுத்தீங்களே…"

"அப்புறம் பேசறேன், தள்ளும்மா" என்று எரிந்து விழுந்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தேன்.

அங்கே பெஞ்சில் சக்கரபாணி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அதே மண்டபத்தில் அவனுக்கும் ஒரு கல்யாணம். இந்த நேரத்தில் இவன் முகத்திலா விழிக்க வேண்டும் என்று வந்த வழியே திரும்பப் பார்த்தேன். அவன் எழுந்து கேமராவிலிருந்து கார்டை உருவி நீட்டினான்.

"லேப்டாப்பு கொண்டாந்திருக்கீங்களாக்கா? இதுல உங்க ஜோடி இருக்குது."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க தூணுக்கு அந்தாண்ட ஏறிட்டீங்க. நான் உங்களுக்குப் பின்னால படிக்கட்டு மேல நின்னேன். அக்கா, அக்கான்னு கத்திப் பாத்தேன், மேளத்துல கேக்கல. நடுவுல கூட்டம், வந்து இழுக்கவும் முடியல. எங்க ஐயரு அவசரக்காரரு, எங்க ஜோடிக்கு முந்தியே ஆயிடுச்சு. சரின்னு அப்பிடியே உங்க ஜோடி பக்கம் திருப்பிட்டேன்."

லேப்டாப்பைப் பெஞ்சிலேயே வைத்துத் திறந்தேன். முதலில் அவன் ஜோடி. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். அடுத்த படத்திலிருந்து எல்லாம் என் ஜோடி. இனியவனின் விரல்களுக்கு நடுவே மஞ்சள் கயிறு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மோகனப்பிரியா கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பழமலை துண்டால் வாயைப் பொத்தியிருக்கிறார். என்னால் இதைவிட நன்றாக எடுத்திருக்க முடியாது. இதைப் பத்து நாள் முன்பு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

"ஆயிடுச்சுன்னு சொன்னியே, உங்க ஜோடிக்கு நாத்தனார் முடிச்சே இல்லையேப்பா" என்றேன். மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட, மீதி இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோதான் போடுவார்கள். ஆல்பத்தில் தன் படம் இல்லையென்றால் எந்த நாத்தனாரும் சும்மா விடமாட்டாள்.

"திட்டுவாங்க. வாங்கிக்க வேண்டியதுதான்" என்றான். "மாப்பிள்ளை முடிச்சு வந்துடுச்சில்ல. உங்களுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிருக்கும்."

"எவ்வளவு வேணும் சொல்லு."

"இதுக்கு எப்பிடிக்கா ரேட்டு போடறது? நீங்க பார்ட்டிகிட்ட சொல்லுவீங்களாமே, காசெல்லாம் தாலிக்குத்தான்னு. அது ஞாபகம் வந்துச்சு, கை தானாத் திரும்பிடுச்சு."

"லேப்புல நான் பேசினதை…"

"அதை வுடுங்கக்கா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் ஏதோ சாவு வீடு என்று நினைத்து பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் அவனைக் கும்பிட்டிருப்பேன். என்னைவிடச் சின்னவன் என்பதால் கையைப் பிடித்துக்கொண்டதோடு நிறுத்தினேன்.

அரக்குப் பட்டுக்காரி விடாமல் அங்கேயும் வந்துவிட்டாள். வாசுகி என்று பெயர் சொன்னாள். புருஷன் வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டராம். போட்டோக்காரர் வைக்க வசதியில்லை, இருந்தாலும் யாரோ ஒரு அக்கா வந்து எடுத்தார்களே, சாமி அனுப்பின மாதிரி இருந்தது என்றாள். "ஒரே ஒரு படம் போட்டுத் தந்தாப் போதும்க்கா. எவ்வளவு ஆவுங்க?"

நான் அந்தப் படங்களைத் திறந்து காட்டினேன். அவள் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாத்தையும் அனுப்பறேன், பெருசா ரெண்டு பிரிண்டும் போட்டுத் தரேன். காசு வேணாம்" என்றேன்.

சக்கரபாணி டீயைக் கீழே வைத்தான். "அக்கா, நீங்களே ரேட்டை உடைச்சா நாங்கல்லாம் எங்கக்கா போறது?"

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முதல் முறையாகச் சிரித்தோம்.

புறப்படும்போது அவன் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டினான். இருந்ததிலேயே சிறந்த படம் அது. ஆனால் வலது ஓரத்தில், தூணை ஒட்டி, ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கொண்டு வேறு எதையோ படம் எடுக்கிறாள். "இந்த ஓரத்தை வெட்டிட்டு அனுப்பிடுங்க. நீங்கதான் எடுத்தீங்கன்னு இருக்கட்டும். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான். சொன்னபடி செய்யக்கூடியவன்தான், எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தேன். படம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதைச் செய்த கை எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டாததையே அன்பரசனுக்கு அனுப்பினேன்.

டூட்டி முடிந்ததும் கூப்பிட்டான். "அப்பா அழுவறதை நான் பாத்ததே இல்லக்கா" என்றான். அப்புறம், "ஓரத்துல திரும்பி நிக்கறது நீங்களா?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தூணைச் சொன்னேன், மாமாவின் பஸ்ஸைச் சொன்னேன், அவன் அப்பாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப நம்ம ரெண்டு பேருமே பாக்கலையாக்கா?" என்றான். "நான் இங்க இருந்ததால பாக்கல. நீங்க அங்கயே இருந்தும் பாக்கல. நமக்கும் சேத்து அந்த அண்ணன்தான் பாத்திருக்காரு. பணமெல்லாம் வேணாம். அந்த ஓரத்தையும் வெட்டாதீங்க, ஆல்பத்துல அப்பிடியே போடுங்க. அவரு நம்பரை மட்டும் குடுங்க, நான் பேசணும். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்."

எங்கள் தொழிலில் செத்தாலும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. நம்மிடம் வந்த பார்ட்டிக்கு இன்னொரு போட்டோக்காரன் நம்பரைத் தரமாட்டோம். நான் சக்கரபாணியின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னேன். சரியாக எழுதிக்கொண்டானா என்று திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டேன்.