ஒன்பதாவது கட்டம்

கண்காணிப்பாளர் அனுப்பும் பட்டியல் கைப்பேசிக்கு வந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ‘சரி’ என்று பதில் போட்டுவிட வேண்டும். ‘கணினியில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த மருத்துவமனையின் சமையல் பிரிவில் இதை எவரும் எழுதி ஒட்டியதில்லை. ஒட்டாமலேயே அனைவரும் கட்டுப்பட்டிருந்தார்கள். மூலையில் கிடந்த கணினி கண்விழிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதன்முன் உட்காருபவருக்கு அன்று முழுவதும் ‘மகாராணி’ பட்டம் நிச்சயம். உணவு ஆலோசகராகச் சேர்ந்த அவளுக்கு அது முதல் வாரத்திலேயே கிடைத்தது. பிறகு அவளும் கட்டைவிரலோடு சமாதானமாகிவிட்டாள்.

பட்டியலில் நோயாளிக்கு ஒரு வரி. வரிக்கு ஒன்பது கட்டங்கள். கைப்பேசித் திரையில் முதல் நான்குதான் கண்ணில் படும், மீதியை விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். யாருக்கு எது ஒவ்வாது என்பது ஒன்பதாவதில் இருந்தது. அதை உணவோடு ஒப்பிடுவதுதான் அவள் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கையில் கோப்புகளோடு மாடிப்படி ஏறும்போது பட்டியல் வந்தது. படுக்கை எண், பெயர், வயது, உணவு: நான்கையும் பார்த்தாள், ‘சரி’ போட்டாள். பதினேழாம் படுக்கைக்குப் பால் சேர்த்த சூப் போயிற்று. பால் ஆகாத அந்தப் பெரியவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு திணறியது. தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவளுக்குத்தான் அன்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வியாழனன்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதினார்: தலைமைச் சமையல்காரரின் கவனக்குறைவு, வேலையிலிருந்து நீக்கலாம். சமையல்காரருக்கோ ஒன்பது கட்டங்கள் இருப்பதே தெரியாது. அவள் ‘சரி’ போட்ட பிறகு அடுப்படிக்குப் போவது படுக்கை எண்ணும் உணவும் மட்டும்தான். அதே மருத்துவமனையில் மருந்து வழங்கும் தன் அக்காவிடம் அவள் இதைச் சொல்லி அழுதபோது, வாயைத் திறந்தால் உருளப்போவது உன் தலைதான், பிள்ளைகளை நினைத்துக்கொள் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மறுநாள் அறிக்கை அனைவரின் ஒப்புதலுக்காகக் கைப்பேசிகளுக்கு வந்தபோது பிரிவு முழுவதும் ஒரே அறையில் இருந்தது, கண்காணிப்பாளரும் இருந்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்து நிமிர்ந்தது. சரி. சரி. சரி. சமையல்காரர் மட்டும் கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்களைச் சுருக்கினார்.

“எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா,” என்றார் அவளிடம், தாழ்ந்த குரலில். “எல்லாரும் போட்டுட்டாங்க போல. நானும் சரின்னு போட்டுடவா?”

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்தாள். நேராக மூலைக்குப் போய்க் கணினியின் பொத்தானை அழுத்தினாள். அதன் விசிறி இரைந்ததும் அறையே திரும்பிப் பார்த்தது.

“என்னம்மா, ஃபோன் ரிப்பேரா? இல்ல, கை ரிப்பேரா?” என்றார் கண்காணிப்பாளர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார். கம்ப்யூட்டர்ல பாத்துட்டுச் சொல்றேன்.” திரையை அறைப்பக்கம் திருப்பினாள். “அண்ணே, நீங்க எதுவும் போடாதீங்க, இப்படி வந்து உக்காருங்க. செவ்வாக்கிழமை நான் முழுசாப் பாக்காம அனுப்பின பட்டியல் இதுல இருக்கு. எல்லாருமே பாக்கட்டும்.”