முன்னூறு வயதுக்காரனுக்கு ஒரு பதில்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைக் குயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து மூன்று. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டால் பத்தொன்பது என்று சத்தியமே செய்வீர்கள். ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. வெட்கப்படுகிற பெண், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிற பெண், ஜன்னலோரம் நின்று அழுகிற பெண் என்று எத்தனையோ பேர் அவள் தொண்டையில் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தத் தடவை வந்தது ரத்தக்காட்டேரிக் கதை. நாயகனுக்கு முன்னூறு வயது, பார்த்தால் இருபத்தைந்து. நாயகிக்குப் பத்தொன்பது, கல்லூரியில் முதல் வருடம். மூன்று நூற்றாண்டு உலகத்தைச் சுற்றியவன் கடைசியில் ஒரு நூலகத்தில் நின்று, அந்தப் பெண் முடியை ஒதுக்கிவிடுவதைப் பார்த்து உருகி வழிகிறான். அடேயப்பா, இத்தனை வருடத்தில் இவனுக்குப் புத்தி ஓர் அங்குலம்கூடவா வளரவில்லை என்று குயிலக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிக்கொண்ட ஐந்தாவது வருடம் அவளோடு உட்கார்ந்து இவன் என்னத்தைப் பேசுவான்? ஆனால் படிக்கிறவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முன்னூறுக்கும் பத்தொன்பதுக்கும் ஜாம் ஜாமென்று பொருந்திப்போனது.

அதுதான் அவளுக்கு எரிச்சல். ஏனென்றால் ஹெட்போன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவனுக்கு அது பட்டப்பெயர். கழுத்தில் அது தொங்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை. மனைவி இறந்து, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவன். குயிலக்காவின் கல்யாணமோ எப்போதோ கசந்து முடிந்திருந்தது. அவன் அவளைவிட ஒன்பது வயது சின்னவன், அவ்வளவுதான் சிக்கல்.

போன வாரம் கூடத்துக்கு வெளியே நடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கேட்டான். "உங்ககூடப் பேசிட்டே இருந்தா எனக்குப் போதும். ஆனா அந்தத் 'தம்பி'ய மட்டும் விட்டுடுங்க."

அவள் எல்லோரையும் போல அவனையும் தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அன்றைக்கு அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டாள். "நான் கிழவி, தம்பி. உங்களுக்கு ஏத்தவ இல்ல" என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனவள் நிம்மதியாக இருந்தாளா? இல்லை. அவனை அவளுக்குப் பிடிக்கும், நிறையவே பிடிக்கும். தங்கையிடம் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, நாலு பேர் சிரிப்பார்கள், நீ படுக்கையில் விழும்போது அவன் ஜம்மென்று நடமாடுவான், உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று அவள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். குயிலக்காவும் சரிதான் என்று போனை வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள்.

கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்கிற அன்று எழுத்தாளரும் வந்திருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், முதுகில் பை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியை ஏறி முடித்தபோது குயிலக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எழுத்தாளர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

கதையில் நாயகி கடிபட்டுத் தானும் காட்டேரியாக மறுத்துப் பிரிந்துபோகிறாள். நாற்பது வருடம் கழித்து இருவரும் சந்திக்கிறார்கள். இவளுக்கு அறுபது நெருங்குகிறது, அவன் அதே இருபத்தைந்து. கை நடுக்கம், கண் மங்கல், வார்த்தைக்கு வார்த்தை இருமல் என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, அறுபதுக்கு இவ்வளவு இருமலா?" என்று கேட்டாள் குயிலக்கா.

அப்படித்தானே இருப்பார்கள் என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள். குயிலக்கா பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறைக்குள் ஒரே ஒரு குரல்காரர்தான். அவர் பதில் சொல்லத் தோதாக, எதிராளியின் வசனத்தைப் பதிவு செய்கிறவர் வெளியிலிருந்து காதுக்குள் வாசிப்பார். அது பதிவாகாது. ஹெட்போன் எப்போதும் பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி வாசிப்பான். இன்றைக்கு அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"இப்பவாவது என்னோட வர்றியா?"

குயிலக்கா தாளைப் பார்த்தாள். வேண்டாம், நான் கிழவி, உனக்கு ஏற்றவள் இல்லை என்றிருந்தது. நடையில் தான் சொன்னதே அச்சாகி வந்து நிற்பதைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது. இருமினாள், நடுங்கினாள், சொன்னாள். மனசில் ஒட்டவில்லை என்றாள் எழுத்தாளர். மறுபடி கேட்டான், மறுபடி மறுத்தாள். பிறகு பதிவைப் போட்டுக் காட்டினான்.

காதுக்குள் யாரோ ஒரு கிழவி முனகினாள். யாருடி இவள் என்று குயிலக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. கதையில் வருகிறவனுக்கு வயதே ஏறாது. அவன் நின்ற இடத்தில் நிற்க, அந்தப் பெண் மட்டும் வருடா வருடம் விலகிப் போகிறாள். பாவம், அவர்கள் கதை வேறு. இங்கே அந்த ஒன்பது ஒன்பதாகவே இருக்கும். ஹெட்போனுக்குக் காதோரம் நரைத்தாயிற்று. சின்ன எழுத்தைப் படிக்கத் தாளை எட்டப் பிடிக்கிறான். சேர்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேட இப்படி ஓர் ஆள் கிடைத்திருக்க, தான் யாருக்காக இந்த இருமலை இருமிக்கொண்டிருக்கிறோம்?

தாளைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு முறை போகலாம் என்று கை காட்டினாள்.

"இப்பவாவது என்னோட வர்றியா?" என்றான் அவன்.

பத்தொன்பதும் இல்லாமல் நடுக்கமும் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்: "வர்றேன். முட்டி வலிக்கும், மெதுவாத்தான் நடப்பேன். பரவாயில்லையா?"

எழுத்தாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுதான் முடிவு, கதையையே மாற்றி எழுதிவிடுகிறேன், இந்தக் குரல் அப்படியே வேண்டும் என்று குதித்தாள். ஹெட்போன் மட்டும் அசையவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடத் தவறாதவன், தலைக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான். அது எரியவே இல்லை.

"ரெக்கார்ட் பண்ண மறந்துட்டேன்" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

எழுத்தாளர் தலையில் கைவைத்துக்கொண்டாள். குயிலக்கா வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். நாக்கு நுனிவரை வந்த 'தம்பி'யை அந்த வெந்நீரோடு விழுங்கினாள்.

"அதனால என்ன? இன்னொரு தடவ கேளுங்க. இன்னொரு தடவ சொல்றேன்."