சரியா, பழுதா?

தூக்குக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோதுதான் சிறைச்சாலைத் தராசின் முத்திரை காலாவதியான விஷயம் தெரியவந்தது. காலாவதியாகிப் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அதே தராசில் மாவு மூட்டையும் விறகும் ஏறி இறங்கின; ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூட்டையைத் தூக்கில் போடுவதில்லை. ஆளைப் போடுவதென்றால் எடை பார்த்துத்தான் கயிற்றின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அந்த எடையையும் முத்திரையிட்ட தராசில்தான் பார்க்க வேண்டும் என்று விதி. சட்டத்துக்கு அவ்வளவு கருணை.

ஆகவே எடை அளவை ஆய்வாளரைக் கூட்டிவர ஆள் போயிற்று.

ஆய்வாளர் இருபத்தாறு வயதுப் பெண். இயற்பியல் படித்தவள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கிராம்’. நாலு கிராம் குறைவுக்காக ஒரு கடைக்காரரின் வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள் என்பது ஒரு காரணம். அவள் பேசுவதே கிராம் கணக்கில்தான் என்பது இன்னொன்று. நாலு பேர் கூடிய இடத்தில் அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பகல் மூன்று மணிக்குச் சோதனைக் கற்களோடு வந்து இறங்கினாள். தராசு, சமையல்கூடத்தை ஒட்டிய சரக்கறையில் இருந்தது. மேடையின் இடுக்கெல்லாம் மாவு. துடைத்தாள். இருபது கிலோ இரும்புக் கல்லை நடுவில் வைத்தாள், நாலு மூலையிலும் வைத்தாள், இறக்கினாள், மறுபடி வைத்தாள். சிறைக் கண்காணிப்பாளர் நிழல் மாதிரி பின்னாலேயே நின்றார்.

“நல்லா பாரும்மா. கயிறு ரெண்டு அங்குலம் கூடினாலும் குறைஞ்சாலும் அசிங்கமாயிடும். நமக்குத்தான் கெட்ட பேரு.”

கூடாமல் குறையாமல் சரியாக இருந்தால் அழகாக இருக்குமா என்று கேட்க நினைத்தாள். நினைத்ததோடு சரி.

சரக்கறை வாசலில் இரண்டு காவலர்களுக்கு நடுவே அவன் நின்றிருந்தான். முத்திரை விழுந்த கையோடு தராசில் ஏற்றிவிடலாம் என்று முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கூட்டாளியைக் கொன்றவன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவனுக்கே இல்லை. மூன்று நீதிமன்றங்களிலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தான்.

“அக்கா, செருப்பக் கழட்டணுமா?” என்று அவளைக் கேட்டான்.

“வாய மூடுடா” என்றார் ஒரு காவலர்.

“இல்லண்ணே, எடைல சேந்துடுமேன்னு கேட்டேன். தேதி குறிச்சதுலேர்ந்து சாப்பாடு வேற நல்லா போடறீங்க. ஒரு சுத்து பெருத்துட்டேன்.”

இன்னொரு காவலர் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்தது தப்போ என்று கண்காணிப்பாளரைப் பார்த்தார். அதற்குள் அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வங்கி வரிசையில் நிற்பவன் மாதிரி பொறுமையாக நின்றான்.

அவள் படிவத்தை எடுத்தாள். அதில் இரண்டே கட்டங்கள்: ‘சரி’, ‘பழுது’. பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள்.

“என்னம்மா, எவ்வளவு வித்தியாசம்?”

“நாளைக்குச் சொல்றேன் சார்.”

முத்திரை அச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். படித்த பெண், வீட்டில் போய்க் கணக்குப் போட்டுப் பார்ப்பாள் போலிருக்கிறது என்று கண்காணிப்பாளர் தாமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தமக்கே சொல்லிக்கொண்டார்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சிறை வாசலில் அரைக் கிலோவாகப் புறப்பட்ட வித்தியாசம் அவள் தெருவுக்குள் நுழையும்போது மூன்று கிலோவாகியிருந்தது.

“மூணு கிலோ கூடக் காட்டுதாமே?” என்றாள் அண்ணி, தையல் மிஷினை நிறுத்தாமலே.

அவள் கீழே விழுந்த நூல்கண்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

“உங்கிட்டதான் கேக்கறேன். தராசு கெட்டுப்போச்சா இல்லையா? வாய வாடகைக்கு விட்டுட்டியா?”

நூல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“சரி, சொல்ல வேண்டாம். மனசுக்குப் பிடிக்கலேன்னா கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டு வா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றோம். உங்கண்ணனப் பத்தி எங்க வீட்டுல நீங்கல்லாம் எத்தனை சொன்னீங்க, எனக்குத் தெரியாதா? ஒரு பொய்ல ஒரு உசிரு தப்பிச்சா நீ என்ன தேஞ்சா போயிடுவ?”

“தப்பிக்காது அண்ணி” என்றாள். அந்த வாரத்திலேயே நீளமான பேச்சு அதற்குப் பிறகு வந்தது. “பழுதுன்னு எழுதிக் குடுத்தா வெளியிலேர்ந்து தராசு கொண்டு வரலாம்னு விதி இருக்கு. எழுதிக் குடுக்காம கொண்டு வர முடியாது. சந்தைல இருக்கற தராசெல்லாம் போன மாசம் நானே முத்திரை போட்டது.”

மிஷின் நின்றது.

“அப்ப சரின்னு போட்டாலும் தூக்கு, பழுதுன்னு போட்டாலும் தூக்கு. அதுக்கு எதுக்குடி ரெண்டு கட்டம்?”

“காலியா விட்டா தேதி தாண்டிடும். கோர்ட்டு மறுபடி முதல்லேர்ந்து உத்தரவு போடணும்.”

“அதுக்குள்ள உனக்கு உத்தரவு வந்துடும், வீட்டுக்குப் போன்னு. இந்த வேலைக்கு ராத்திரி பகலா படிச்சவ நீ. ஒரு கொலைகாரனுக்காகவா?”

“அவன் கொன்னான். அதுக்கு நான் எதுக்கு அண்ணி…”

வாக்கியம் பாதியில் நின்றது. அவளுடைய வாக்கியங்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அண்ணி துணியைத் திருப்பிப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. பத்தொன்பது மணி நேரம் மிச்சம். கண்காணிப்பாளரின் அறையில் அவளுடைய மேலதிகாரியும் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே வண்டியில் சந்தைத் தராசு ஒன்று தயாராக நின்றது. அதன் சொந்தக்காரரும் கூடவே வந்திருந்தார், வேலை முடிந்ததும் திருப்பித் தருவார்களா என்ற கவலையோடு.

“சரின்னு போடும்மா, இல்ல பழுதுன்னு போடு” என்றார் கண்காணிப்பாளர். “எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எந்தப் பிடிவாதமும் இல்ல. நீ காலியா விட்டா நான் அவனுக்கு என்ன பதில் சொல்றது? பாவம், மனசத் தேத்திக்கிட்டு தயாரா இருக்கான்.”

அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

“பயந்த பொண்ணு சார்” என்றார் மேலதிகாரி, அவள் அங்கே இல்லாதது மாதிரி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். “இதோ பாரும்மா, எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆய்வாளருக்கு உடம்பு சரியில்லேன்னா நானே முத்திரை போடலாம். உனக்கும் பழி இல்ல, இவங்களுக்கும் வேலை நடக்கும். பாம்பும் சாகணும், கோலும் நோகக் கூடாது.”

பாம்பு யார் என்று யாரும் கேட்கவில்லை.

“உடம்பு சரியில்லேன்னு எழுதிக் குடுப்பாங்களா?” என்றார் கண்காணிப்பாளர்.

“குடுக்கலேன்னா நானே எழுதிக்கறேன். முகத்தப் பாருங்க, சுண்ணாம்பு மாதிரி இருக்கு. பேச்சு மூச்சில்ல. இதுக்கு மேல என்ன சான்று?” மேலதிகாரி ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “ஒரே ஒரு வழிலதான் சிக்கல் சார். வாயத் திறந்து மறுக்கறேன்னு சொல்லிட்டா விசாரணை வைக்கணும். அது முடியற வரைக்கும் அச்சுக்கும் சீல், தராசுக்கும் சீல். என்னாலயும் தொட முடியாது. சொன்னவங்க வேலை போறது தனி. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல அப்படிப்பட்ட பைத்தியம் ஒண்ணக் கூட நான் பாத்ததில்ல.”

இருவரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள் ஒரு சங்கடத்திலிருந்து தப்பித்த சிரிப்பு.

அவள் பைக்குள் கைவிட்டு முத்திரை அச்சைப் பிடித்தாள். அதன் விளிம்பில் எத்தனை பல் என்று விரலால் எண்ணிப் பார்த்தாள். அது அவள் பழக்கம். எட்டு. நாக்கு வழக்கமான இடத்தில் வழக்கம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரிக்கு அழகான கையெழுத்து. ‘ஆய்வாளருக்கு உடல்’ என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்காகப் பேனாவை லேசாக உதறினார்.

“சார்.”

யார் காதிலும் விழவில்லை.

“சார்!”

பேனா நின்றது.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. தராசுக்கும் ஒண்ணுமில்ல. நேத்து மூணு மணிக்கே பாத்துட்டேன், இம்மி பிசகல. ஒரு ஆளக் கொல்றதுக்கு என் முத்திரையக் குடுக்க மாட்டேன். மறுக்கறேன்னே எழுதுங்க சார்.”