வைக்கோல் கூரை வீட்டில் ஒரு விடைபெறல்

தான் வசிக்கும் வெரிபீயில் தெருவோரம் குப்பைத்தொட்டி வைக்கப் போனாலும் ‘போட்டு வாறன்’ என்று, போய்வருவதாகச் சொல்லாமல் வாசல் தாண்டமாட்டாள் இரஞ்சிதம். விடுமுறைக்கு ஜப்பான் போன இடத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

பகல் பயணமாக ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிருந்தார்கள். வைக்கோல் கூரை போட்ட பழைய வீடொன்றின் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, அங்கே கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். வீட்டுக்காரப் பெண்மணி தேநீர் தந்தாள். புறப்படும்போது வழிகாட்டிப் பெண் ‘சயோனாரா’ என்று சொல்லி விடைபெறச் சொன்னாள்.

“தேத்தண்ணி குடிச்ச வீட்டில ஒரேயடியாப் போற மாதிரிச் சொல்லுறதோ? போட்டு வாறம் எண்டு சொல்லுங்கோ!” என்று நின்றுவிட்டாள் இரஞ்சிதம்.

“பஸ் வெளிக்கிடப்போகுதப்பா!” கணவர் விக்னராஜா தலையில் அடித்துக்கொண்டு, அவள் சொல்லக் கேட்டதை வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

“எங்களிடமும் அது உண்டு. ஆனால், அந்த வீட்டு ஆட்கள்தான் சொல்வார்கள்,” என்று தயங்கிய வழிகாட்டி, பிறகு ‘போய் வருகிறோம்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பஸ் வரைக்கும் ஓட்டம். ஏறும்போதுதான் விக்னராஜா கவனித்தார்.

“இதென்ன உம்மட காலில?”

வீட்டுச் செருப்பு!

மூவரும் திரும்பி ஓடினார்கள். இரஞ்சிதத்தின் சப்பாத்தோடு வாசலில் நின்ற பெண்மணி, ‘ஒகாயேரி’ என்று தலைகுனிந்தாள்.

“வீட்டு ஆட்கள் திரும்பி வந்தால் அப்படித்தான் வரவேற்போம்,” என்றாள் வழிகாட்டி.

இரஞ்சிதம் மூச்சு வாங்க விக்னராஜாவைப் பார்த்தாள்.

“கேட்டனீங்களே? சொன்ன மாதிரியே வந்திட்டன்.”