வயிற்றுக்குள் ஓடிய ஆறு

புவியியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கமா சார். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் நிறுத்துவார், ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு மீதியைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். அதற்குள் கடைசி பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடி, தோற்று, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி அதே பள்ளியில், பக்கத்து அறையிலேயே அறிவியல் டீச்சர். கணவரின் மௌனங்களை அவர் ரகம் பிரித்து வைத்திருந்தார்: யோசனை மௌனம், பசி மௌனம், கோப மௌனம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது ரகம். இந்த முறை டீச்சரும் வாயை மூடிக்கொண்டதுதான் புதுசு.

சண்டைக்குக் காரணம் கல்வித்துறை கொடுத்த ஸ்மார்ட் போர்டு. வகுப்புக்கு ஒரு போர்டு, ஆசிரியருக்கு ஒரு டேப்லெட். டேப்லெட்டில் வரைந்தால் சுவரில் தெரியும். "ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கத்துக்கலாமாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா என்ன?" என்றார் சார். கமாவே இல்லாமல். டீச்சருக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழகப் போனார். தன் டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. மனைவியின் டேப்லெட்டை மேசையிலிருந்து நைசாக எடுத்தார், தன் வகுப்பு போர்டோடு இணைத்துப் பார்த்தார், பூனை மாதிரி திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை மாவட்டக் கல்வி அதிகாரி வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரியாதவர் போலிருந்த ஓர் அம்மா. தலைமை ஆசிரியர் கமா சாரின் காதைக் கடித்தார்: "சார், உங்க கிளாஸத்தான் காட்டப்போறோம். சொதப்புனா எல்லா போர்டையும் கழட்டி வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவாங்க. நமக்கு மறுபடியும் சாக்பீஸ்தான்."

கமா சார் வகுப்பைப் பார்த்தார். "இன்னைக்கு நாம பாக்கப்போறது... ஒரு ஆறு."

டேப்லெட்டில் ஒரு மலையை வரைந்தார். போர்டில் ஒரு வாய் வந்தது.

திறந்த வாய். பல்லும் நாக்கும் சுத்தமாக இருந்தன. அடுத்து வாய்க்குக் கீழே ஒரு குழாய் இறங்கியது. அந்தக் கோடு யாருடையது என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருஷமாகப் பார்க்கிற கை! பக்கத்து அறையில் ஜீரணப் பாடம் நடத்தும் மனைவியின் டேப்லெட், திங்கட்கிழமை வந்த வழியை மறக்காமல் இந்த போர்டுக்கே வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்ட போர்டு அவருடைய டேப்லெட்டைச் சீந்தவே இல்லை.

பக்கத்து அறைக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் முதலில் பேசியது அவர்தான் என்று ஆகிவிடும். திருடியதும் வெளியே வரும். அதிகாரி அம்மா பேனா மூடியைத் திறந்தார்.

"ஆறு உற்பத்தியாகுற இடம்," என்றார் கமா சார். "மழைத்தண்ணிய வாயத் தொறந்து வாங்கிக்குது. இந்தப் பல்லெல்லாம் பாறைங்க. வர்றதயெல்லாம் உடைச்சு, அரைச்சு, கீழ தள்ளுது."

கடைசி பெஞ்சு ஆட்டத்தை நிறுத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது. "என் போர்டுல ஏன் ஒண்ணும் வரல?"

"கறுப்பாவே இருக்கு டீச்சர்!"

டீச்சர் விடுகிற ஆளா? இன்னும் பெரிதாக, இன்னும் அழுத்தி வரைந்தார். இந்தப் பக்கம் ஓர் இரைப்பை உப்பிக்கொண்டு வந்தது.

"நீர்த்தேக்கம்! மேல ஒரு மதகு, கீழ ஒரு மதகு."

சிறுகுடல் வளைந்தது, மடிந்தது, மறுபடி வளைந்தது.

"சமவெளிக்கு வந்துட்டா ஆத்துக்கு அவசரமே கிடையாது. நெளிஞ்சு நெளிஞ்சு, போற வழியெல்லாம் நிலத்துக்குச் சத்தக் குடுத்துக்கிட்டே போகும்!" இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதை அவரே கவனித்துத் திகைத்தார். பயத்துக்கு நடுவே உள்ளுக்குள் ஏதோ குதித்தது.

கோடு பெருங்குடலுக்குள் திரும்பியது. முன்வரிசைச் சிறுமி கை தூக்கினாள். "சார், இந்த ஆறு எங்க போய்க் கடல்ல சேரும்?"

கமா சார் வாழ்க்கையிலேயே மிக நீளமான கமா விழுந்தது. தலைமை ஆசிரியர் விட்டத்தைப் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "டெல்டா உண்டா சார்?"

முதலில் வெடித்தது அதிகாரி அம்மாதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் வகுப்பை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சத்தம் சுவரைத் தாண்டியது. பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள், ஓடிப் போய்க் கத்தினாள்: "டீச்சர்! உங்க குடல் சார் போர்டுல இருக்கு!"

கோடு நின்றது. பிறகு குடலுக்குப் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. வகுப்பே கோரஸாக வாசித்தது: "என் டேப்லெட்டை எடுத்தது யார்?"

எல்லாத் தலையும் கமா சார் பக்கம் திரும்பியது. அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமி, முழுக் குரலில் சொன்னார்:

"நான்தான். எனக்கு இது தெரியல. நீ வந்து சொல்லிக்குடு."

பள்ளிக்கூடத்தில் அவர் மனைவியை 'நீ' என்று சொன்னது அதுவே முதல் தடவை. "ஓஓஓ!" என்றது வகுப்பு. அவர் காது சிவந்தது.

போர்டில் பதில் வந்தது: 'வர்றேன். அதுவரைக்கும் கடல்கிட்ட போகாதீங்க.'

அதிகாரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போன பள்ளிக்கூடத்துல எல்லாம் போர்டு நல்லா வேலை செஞ்சுது, பசங்க தூங்கிட்டாங்க. இங்க போர்டு சொன்ன பேச்சே கேக்கல, ஒருத்தர்கூடத் தூங்கல. கழட்ட வேணாம் சார், இருக்கட்டும்."

தலைமை ஆசிரியர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

டீச்சர் டேப்லெட்டோடு உள்ளே வந்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கணவர் பக்கத்தில் நின்றார்.

"எங்க விட்டீங்க?"

"பெருங்குடல்ல," என்றார் சார், கேட்ட வேகத்திலேயே.