சுவரைப் பார்த்து நின்றவர்கள்

அன்று பிற்பகல் அந்தப் படுக்கையறையில் இருந்தவர்கள்: சாகக் கிடந்த என் தம்பி ஜோதம் பார்ஸ்டோ, அவன் மகள் திர்சா, போதகர் ஸ்டில்மன், டாக்டர் குவின்ட், பிறகு நான், கேப்டன் எலிஃபலெட் பார்ஸ்டோ. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் வாசலில் நின்றவர்கள்.

எங்கள் மேய்ன் மாநிலக் கடற்கரையில் ஒருவர் சாகும்போது சுற்றி நின்று பார்ப்பது வழக்கம். நம்பிக்கையோடு போனாரா, பயந்து போனாரா என்று அடுத்த ஞாயிறு சபையில் சொல்ல வேண்டும். வாய் பேச முடியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு போதகர் கேட்பார். அந்தக் கை அழுத்தினால் அதுவே சாட்சி.

ஜோதமிடம் போதகர் எதிர்பார்த்தது அதற்கும் மேலே. தம்பியின் கடைசி நாவலில் ஒரு சபை மூப்பர் வருகிறார். ஆளில்லாத கரையில் ஒதுங்கிய மாலுமியின் பிணத்திலிருந்து பூட்ஸைக் கழற்றிக்கொள்கிறார். மறுநாள் அந்த மாலுமியின் அடக்கத்தில் எல்லோரையும்விட அதிகமாக அழுகிறார். அந்த அழுகை பொய்யில்லை என்று தம்பி எழுதியிருந்தான். பார்க்க ஆளிருந்தால் மனிதன் ஒருவன், ஆளில்லாவிட்டால் வேறொருவன், இரண்டு பேரும் உண்மை என்பது அவன் கண்டது. பாஸ்டனில் மெச்சினார்கள். எங்கள் ஊரில் அந்த மூப்பர் தங்கள் தாத்தாதான் என்று வீட்டுக்கு வீடு கோபித்துக்கொண்டார்கள்.

"ஒரே வார்த்தை போதும் ஜோதம்," என்றார் போதகர். அவன் வலது கை அவர் கைக்குள் இருந்தது. "அந்தப் புத்தகம் தப்புன்னு சொல்லிடுங்க. பேச்சு வரலைன்னா கையை அழுத்துங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பார்ஸ்டோ வீட்டுல சொன்ன சொல்லை யாரும் திருப்பி வாங்கினதில்ல," என்றேன்.

"கேப்டன், இது கப்பல் இல்ல. உங்க உத்தரவு இங்க செல்லாது."

"இது எங்க அப்பா கட்டின வீடு. செல்லும்."

டாக்டர் நாடியிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் காத்திருப்பாரான்னு இவரைக் கேட்டுப் பாக்கறேன்."

திர்சா என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, அப்பா அழுத்தட்டும், விடுங்க. அம்மா போன இடத்துக்கு அப்பாவும் போகணும். நாளைக்கு நான் செத்துப் போய் அங்க ஒருத்தரை மட்டும் பாத்துட்டு என்ன செய்ய?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கை ஒருமுறை அழுத்தினால் போதும். வாழ்நாளெல்லாம் எழுதியதைத் தன் வாயாலேயே பொய் என்றான் என்று ஊர் பேசும். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். போதகரும் அதைத்தான் பார்த்தார்.

ஜோதம் கண்ணைத் திறந்தான். கையை மெல்ல உருவிக்கொண்டான்.

"எல்லாரும் பாத்துட்டு நிக்கறீங்க. இப்ப நான் என்ன செஞ்சாலும் உங்களுக்காகச் செஞ்சதாயிடும்."

"கடவுளும் பாக்கறார்," என்றார் போதகர்.

"அவர் பாக்கட்டும். வெளிய போய்ச் சொல்ல மாட்டார்." மூச்சு வாங்கினான். "சுவர்ப் பக்கம் திரும்புங்க. எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தா அப்பச் சொல்றேன்."

"சாகறவருக்கு முதுகைக் காட்டறதா? அப்படி ஒரு வழக்கமே இல்ல."

"திரும்புங்க," என்றேன். புயலில் கப்பல் தளத்தில் பேசிய குரல் அது. டாக்டர் முதலில் திரும்பினார். திர்சா திரும்பினாள். கடைசியில் போதகரும் என் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றார்.

கண்ணெதிரே சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதம் ஒரு மூலையில் உரிந்திருந்தது. காது முழுக்கப் பின்னால் இருந்தது. மூச்சு வந்தது. இடைவெளி. மறுபடியும் வந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. போதகரின் கழுத்து லேசாகத் திரும்பியது. அவர் தோளைப் பிடித்து நேராக்கினேன். மூச்சு இன்னும் ஒருமுறை வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பின்னால் தரைப்பலகை ஒன்று முனகியது. பாவாடை உரசும் சத்தம். நான் திரும்பவில்லை. தம்பி கேட்டதற்குக் கட்டுப்பட்டவன்.

"போதும்," என்றார் டாக்டர்.

திரும்பினோம். ஜோதம் இறந்திருந்தான். இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் விரல் கோத்து இருந்தன. திர்சா கட்டிலருகே முழங்காலில் இருந்தாள்.

போதகரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா கேப்டன்? யாரும் பாக்காதப்ப ஜெபம் பண்ணியிருக்கார். அவர் எழுதினதுக்கு அவரே பதில் சொல்லிட்டார்."

அவன் செய்திருந்தால், அதை மறைக்க எனக்கு உரிமையில்லை.

"திர்சா, என்னை நிமிந்து பாரு. இது அப்பா செஞ்சதா?"

அவள் போதகரைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையசைத்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் தாயும் தகப்பனும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அவள் உதடு அசைந்தது, நின்றது.

"நான்தான் கோத்தேன் பெரியப்பா. மூச்சு நின்னப்புறம்."

"ஏன்மா?"

"யாரும் பாக்கல."

போதகர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "துக்கத்துல என்னவோ சொல்றா," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் கோத்த கைகளைப் பற்றி மட்டும் பேசினார். நானும் திர்சாவும் எங்கள் குடும்ப இருக்கையிலிருந்து எழுந்து, நடுவழியாக நடந்து வெளியே வந்தோம்.

ஜோதம் பார்ஸ்டோ தன் புத்தகத்தைக் கைவிட்டு ஜெபித்தபடி செத்தான் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். இல்லை. அந்தக் கைகளைக் கோத்தவள் அவன் மகள், அவன் செத்த பிறகு.